இனமா, கட்சியா: தென் கரோலினாவின் முதலாம் தொகுதி

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் உறுப்பினராக அமர்ந்த முதல் கறுப்பினத்தவர் ஜோசஃப் ரெய்னி. அடிமையாகப் பிறந்த அவரை 1870-ல் சபைக்கு அனுப்பியது தென் கரோலினா மாநிலத்தின் முதலாம் தொகுதி. அதன் எல்லைகள் அதற்குப் பிறகு எத்தனையோ முறை மாறிவிட்டன; இன்று அந்த எண்ணைத் தாங்கி நிற்பது சார்ல்ஸ்டன் நகரை ஒட்டிய அட்லாண்டிக் கரையோரப் பகுதி. சார்ல்ஸ்டன் கவுண்டியில் (மாவட்டம் போன்ற பிரிவு) இந்தத் தொகுதிக்குள் இருந்த கறுப்பின வாக்காளர்களில் சுமார் 62 விழுக்காட்டினரைப் பக்கத்துத் தொகுதிக்கு மாற்றிய ஒரு வரைபடம் செல்லும் என்று 2024 மே 23 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. அவர்கள் கறுப்பினத்தவர் என்பதற்காக மாற்றப்படவில்லை, ஜனநாயகக் கட்சிக்கு வாக்களிப்பவர்கள் என்பதற்காகவே மாற்றப்பட்டார்கள் என்று மாநில அரசு வாதிட்டது. அந்த வாதமே வென்றது.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். ஆளுங்கட்சி தன் வசதிக்காக எல்லைகளை வளைத்தது என்பது பொதுவாகக் குற்றச்சாட்டாக எழ வேண்டியது. இங்கே அதுவே தற்காப்பு வாதமாக நின்றது. இந்த நிலை ஒரே தீர்ப்பில் உருவாகிவிடவில்லை. வாக்காளரை இனம் பார்த்துப் பிரிப்பதை அமெரிக்க அரசமைப்புச் சட்டம் தடுக்கிறது. கட்சி பார்த்துப் பிரிப்பதைப் பற்றிக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் கேள்வி கேட்பதில்லை. இனமும் கட்சியும் ஏறத்தாழ ஒரே கோட்டில் பிரிந்து நிற்கும் தென் மாநிலங்களில், இரண்டாவது விதி தரும் அனுமதி முதல் விதியின் தடையை எப்படி விழுங்குகிறது என்பதைத் தென் கரோலினாவின் கதை நன்றாகவே காட்டுகிறது.

முதலில் அடிப்படை ஏற்பாட்டைச் சொல்லிவிட வேண்டும். பிரதிநிதிகள் சபையின் 435 இடங்கள், 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு மாநிலங்களுக்குப் பகிர்ந்து தரப்படுகின்றன. ஒரு மாநிலத்துக்குள் தொகுதிகளை வரைவது பெரும்பாலான இடங்களில் அந்த மாநிலச் சட்டமன்றத்தின் வேலை. அதாவது, ஏற்கெனவே ஆட்சியில் இருக்கும் கட்சியின் வேலை. இந்தியாவில் இருப்பதுபோல நாடு முழுவதற்குமான மறுவரையறை ஆணையம் அங்கே கிடையாது. தனித்தொகுதி என்ற ஏற்பாடும் கிடையாது. ஒரு சிறுபான்மைச் சமூகம் தனக்கு வேண்டியவரைத் தேர்ந்தெடுக்க முடியுமா, முடியாதா என்பதை எந்த ஒதுக்கீடும் தீர்மானிப்பதில்லை. அந்தச் சமூகம் வாழும் தெருக்கள் கோட்டுக்கு எந்தப் பக்கம் விழுகின்றன என்பதே பெருமளவு தீர்மானிக்கிறது. கோடு போடுபவருக்குக் கிடைக்கும் அதிகாரம் இதனால்தான் அவ்வளவு பெரிது.

அந்த அதிகாரம் செயல்படும் விதத்தைச் சிறு கணக்கில் காட்டலாம். 500 வாக்காளர்கள், தலா 100 பேர் கொண்ட 5 தொகுதிகள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கட்சிக்கு 300 பேர் ஆதரவு, இன்னொன்றுக்கு 200. பெரிய கட்சி எல்லைகளை வரைந்தால், எதிர்த்தரப்பின் 200 பேரையும் தொகுதிக்கு 40 பேராகச் சிதறடித்து 5 இடங்களையும் தானே எடுத்துக்கொள்ளலாம். அது சற்று ஆபத்தானது என்று நினைத்தால், எதிர்த்தரப்பினரில் 90 பேரை ஒரே தொகுதியில் குவித்து அதை விட்டுக்கொடுத்துவிட்டு, மற்ற 4 தொகுதிகளிலும் அவர்களை 27, 28 பேராகக் குறைத்து நிம்மதியாக இருக்கலாம். சிறிய கட்சியின் கையில் எழுதுகோல் கிடைத்தாலோ, 3 தொகுதிகளில் தலா 52 பேரை வைத்து, மீதமுள்ள 44 பேரை மற்ற இரண்டில் விட்டு, 40 விழுக்காட்டு ஆதரவுடன் பெரும்பான்மை இடங்களைப் பெற்றுவிடலாம். மூன்றிலும் மக்கள் ஒருவர்கூட மனம் மாறவில்லை. 1812-ல் மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெர்ரி ஒப்பமிட்ட வளைந்து நெளிந்த தொகுதியின் காலத்திலிருந்து ஜெர்ரிமேண்டரிங் என்று அழைக்கப்படுவது, குவித்தல், சிதறடித்தல் என்ற இந்த இரண்டு வேலைகளின் கலவைதான்.

தென் கரோலினாவில் இந்த வேலை இனத்தை வைத்தே தொடங்கியது. 1880-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மாநில மக்களில் சுமார் 60 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர். உள்நாட்டுப் போருக்குப் பின் வந்த மறுசீரமைப்புக் காலம் முடிந்து, வெள்ளையரின் கட்சியாக அன்று இருந்த ஜனநாயகக் கட்சி ஆட்சியைப் பிடித்திருந்தது. பெரும்பான்மையாக இருக்கும் மக்களை எப்படிச் சிறுபான்மையாக்குவது என்பதே அந்த ஆட்சியின் முன்னிருந்த கேள்வி. 1882-ல் சட்டமன்றம் இரண்டு காரியங்களைச் செய்தது. ஒவ்வொரு பதவிக்கும் தனித்தனி வாக்குப்பெட்டி வைத்து, சீட்டு தவறான பெட்டியில் விழுந்தால் செல்லாது என்று ஆக்கியது ஒன்று; எழுதப் படிக்கத் தெரியாத முன்னாள் அடிமைகளைக் குறிவைத்த ஏற்பாடு இது. கறுப்பினத்தவர் செறிந்து வாழ்ந்த கரையோர, தாழ்நிலப் பகுதிகளை வெட்டியும் ஒட்டியும் ஏழாம் தொகுதி என்ற ஒரே தொகுதிக்குள் குவித்தது மற்றொன்று. அந்த ஒன்றை இழந்து, மற்ற எல்லாவற்றையும் பாதுகாத்துக்கொள்வது நோக்கம்.

அந்த ஏழாம் தொகுதியிலிருந்து சபைக்குப் போனவர்களில் ஒருவர் ராபர்ட் ஸ்மால்ஸ். போரின்போது, 1862 மே மாதத்தில், அடிமையாக வேலை பார்த்த பிளான்டர் என்ற கப்பலைச் சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து தன் குடும்பத்தோடும் தோழர்களோடும் கடத்திச் சென்று வட மாநிலக் கடற்படையிடம் ஒப்படைத்தவர் அவர். ஆனால் விட்டுக்கொடுத்த அந்த ஒரு தொகுதிகூட நிலைக்கவில்லை. 1890-களின் நடுவில் எல்லைகள் மறுபடியும் வரையப்பட்டன; ஜார்ஜ் வாஷிங்டன் முர்ரே என்ற கறுப்பின உறுப்பினர் புதிய முதலாம் தொகுதியில் தோற்றதாக அறிவிக்கப்பட்டு, சபையிடமே முறையிட்டு 1896-ல்தான் தன் இடத்தைப் பெற்றார். அதற்குள் 1895-ஆம் ஆண்டின் புதிய மாநில அரசமைப்புச் சட்டம் எழுத்தறிவு அல்லது சொத்து என்ற நிபந்தனையைக் கொண்டுவந்து, கறுப்பினத்தவரின் வாக்கையே பறித்துவிட்டது. அந்த அரசமைப்பு மாநாட்டில் உறுப்பினராக இருந்த ஸ்மால்ஸ் அதை எதிர்த்துப் பேசியும் பயனில்லை. முர்ரேயின் பதவிக்காலம் 1897 மார்ச்சில் முடிந்தது. அதன் பிறகு தென் கரோலினாவிலிருந்து இன்னொரு கறுப்பினத்தவர் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வாக 1992 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வாக்கே இல்லாதவர்களை வைத்துக் கோடு வளைக்கத் தேவையில்லை என்பதால், இடைப்பட்ட காலத்தில் தொகுதி வரைபடத்தின் பங்கு குறைவு.

1965-ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் நிலைமையை மாற்றியது. அதில் இரண்டு பிரிவுகள் இந்தக் கட்டுரைக்கு முக்கியமானவை. ஐந்தாம் பிரிவு, வாக்குரிமையை மறுத்த வரலாறு கொண்ட மாநிலங்கள் தேர்தல் விதிகளையோ தொகுதி எல்லைகளையோ மாற்றும் முன், மத்திய அரசின் நீதி அமைச்சகத்திடமோ வாஷிங்டன் நீதிமன்றத்திடமோ முன் அனுமதி பெற வேண்டும் என்றது. இரண்டாம் பிரிவு, நாடு முழுவதும் இன அடிப்படையிலான வாக்குரிமை மறுப்பைத் தடை செய்தது. இந்தச் சட்டத்தை எதிர்த்து முதலில் உச்ச நீதிமன்றம் சென்ற மாநிலமும் தென் கரோலினாதான். 1966-ல் அது தோற்றது. 1982-ல் நாடாளுமன்றம் இரண்டாம் பிரிவைத் திருத்தி, தீய நோக்கத்தை நிரூபிக்கத் தேவையில்லை, பாகுபாடான விளைவைக் காட்டினால் போதும் என்று ஆக்கியது. ஒரு சிறுபான்மைச் சமூகம் ஒரு தொகுதியில் பெரும்பான்மையாகும் அளவுக்குப் பெரிதாகவும் நெருக்கமாகவும் வாழ்ந்து, அரசியலில் ஒன்றுபட்டு வாக்களித்து, வெள்ளைப் பெரும்பான்மை அதன் வேட்பாளரை வழக்கமாகத் தோற்கடித்தால், அந்தச் சமூகத்துக்கு ஒரு தொகுதி வாய்ப்பு இருக்க வேண்டும் என்று 1986-ல் வட கரோலினா வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் வகுத்துத் தந்தது.

இதன் விளைவு 1992 தேர்தலில் தெரிந்தது. தென் கரோலினாவின் ஆறாம் தொகுதி கறுப்பினப் பெரும்பான்மைத் தொகுதியாக வரையப்பட்டு ஜிம் கிளைபர்ன் வென்றார். அலபாமா, புளோரிடா, வட கரோலினா, வர்ஜீனியா ஆகிய மாநிலங்களும் சபைக்குக் கறுப்பினத்தவரை அனுப்பின. ஒவ்வொன்றிலும் 90 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இடைவெளிக்குப் பிறகு.

ஆனால் அந்த ஆண்டின் வரைபடங்களுக்குப் பின்னால் ஒரு விநோதமான கூட்டு இருந்தது. இதற்குள் கட்சிகள் இடம் மாறியிருந்தன. தென் மாநில வெள்ளையர் குடியரசுக் கட்சிக்கும், கறுப்பினத்தவர் ஜனநாயகக் கட்சிக்கும் நகர்ந்திருந்தார்கள். கறுப்பினப் பெரும்பான்மைத் தொகுதிகள் வேண்டும் என்று கேட்ட சிவில் உரிமை அமைப்புகளுக்குக் குடியரசுக் கட்சியின் வியூகக்காரர்கள் மனமுவந்து துணை நின்றார்கள். காரணம் எளிது: கறுப்பின வாக்குகள் ஒரு தொகுதியில் குவிந்தால், சுற்றியுள்ள தொகுதிகளில் வெள்ளை ஜனநாயகக் கட்சியினர் நம்பியிருந்த வாக்குகள் வற்றிப்போகும். 1994-ல் குடியரசுக் கட்சி 54 இடங்களைக் கூடுதலாகப் பெற்று, 40 ஆண்டுகளில் முதல்முறையாகப் பிரதிநிதிகள் சபையைக் கைப்பற்றியதில் இந்தக் குவிப்புக்கு எவ்வளவு பங்கு என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. பங்கே இல்லை என்று சொல்பவர்கள் குறைவு. சபைக்குள் கறுப்பின உறுப்பினர் எண்ணிக்கை கூடிய அதே சமயத்தில், அவர்கள் சார்ந்த கட்சி பெரும்பான்மையை இழந்தது. சிறுபான்மைப் பிரதிநிதித்துவம் என்றால் தன்னவர் சபையில் அமர்வதா, தனக்கு வேண்டிய சட்டங்கள் நிறைவேறுவதா என்ற கேள்வி அன்றிலிருந்து தீரவில்லை.

உச்ச நீதிமன்றம் இன்னொரு பக்கத்திலிருந்து வந்தது. 1993-ல், வட கரோலினாவின் பன்னிரண்டாம் தொகுதி நெடுஞ்சாலையை ஒட்டிச் சுமார் 160 மைல் நீளத்துக்கு ஒல்லியாக ஓடியதைக் கண்டு, சிறுபான்மையினருக்கு உதவும் நோக்கில் வரையப்பட்டாலும் இனத்தை மட்டுமே வைத்து விளக்கக்கூடிய தொகுதி அரசமைப்புக்கு விரோதமாகலாம் என்றது. 1995-ல் ஜார்ஜியா வழக்கில் அதை விதியாக்கி, கோட்டை வரைந்ததில் இனம் மேலோங்கிய காரணியாக இருந்ததா என்று கேட்கத் தொடங்கியது. அப்போது வட கரோலினா மாநிலம் பன்னிரண்டாம் தொகுதியைக் காப்பாற்றிக்கொள்ளக் கண்டுபிடித்த பதில்தான் பின்னாளில் பெரிய ஆயுதமானது. நாங்கள் கறுப்பினத்தவரைத் தேடிச் சேர்க்கவில்லை, ஜனநாயகக் கட்சியின் உறுதியான ஆதரவாளர்களைச் சேர்த்தோம், அவர்கள் கறுப்பினத்தவராக இருப்பது தற்செயல் என்றது மாநிலத் தரப்பு. 2001-ல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் இதை ஏற்றது. இனமும் கட்சியும் பின்னிக் கிடக்கும் வழக்கில், அதே அரசியல் இலக்கை இனச் சமநிலை கெடாமல் வேறு வகையில் எட்டியிருக்க முடியும் என்று வழக்குத் தொடுப்பவர் காட்ட வேண்டும் என்று எழுதியவர், தாராளவாத நீதிபதியாக அறியப்பட்ட ஸ்டீஃபன் பிரேயர். ஒரு கறுப்பின உறுப்பினரின் தொகுதியைக் காப்பாற்ற எழுதப்பட்ட வரி அது. 23 ஆண்டுகள் கழித்து எந்தப் பக்கம் திரும்பும் என்று எழுதியவரே எண்ணியிருக்க மாட்டார்.

நடுவில் இரண்டு தடுப்புகள் விழுந்தன. 2013-ல் அலபாமாவின் ஷெல்பி கவுண்டி வழக்கில், எந்தெந்த மாநிலங்களுக்கு முன் அனுமதி தேவை என்பதைத் தீர்மானிக்கும் சூத்திரம் காலாவதியானது என்று உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. ஐந்தாம் பிரிவு ஏட்டில் மட்டும் எஞ்சியது. 2019-ல் வட கரோலினாவும் மேரிலாந்தும் சம்பந்தப்பட்ட ருச்சோ வழக்கில், கட்சி ஆதாயத்துக்காகத் தொகுதி வளைப்பது நியாயமற்றதாக இருக்கலாம், ஆனால் எவ்வளவு வளைத்தால் அது மிகை என்று அளக்க நீதிமன்றத்திடம் அளவுகோல் இல்லை என்று தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் 5-க்கு 4 பெரும்பான்மைக்காக எழுதினார். அந்த வழக்கு வந்த வழியைக் கவனிக்க வேண்டும். வட கரோலினாவின் 2011 வரைபடத்தில் இரண்டு தொகுதிகள் இன அடிப்படையில் வரையப்பட்டவை என்று 2016-ல் கூட்டாட்சி நீதிமன்றம் ரத்து செய்தது. மாற்று வரைபடத்தைத் தயாரித்த குழுவின் தலைவர்களில் ஒருவர், மொத்தமுள்ள 13-ல் 10 இடங்கள் குடியரசுக் கட்சிக்குக் கிடைக்கும்படி வரைவதாகவும், 11 கிடைக்கும்படி வரைவது சாத்தியமில்லை என்பதால்தான் 10 என்றும் குழுக் கூட்டத்திலேயே வெளிப்படையாகச் சொன்னார். அந்த ஆண்டுத் தேர்தலில் சரியாக 10 கிடைத்தது. இனம் என்று சொன்னால் வழக்கில் தோற்கும், கட்சி என்று சொன்னால் தோற்காது என்ற பாடத்தை மற்ற மாநிலங்கள் கற்றுக்கொள்ள இதற்கு மேல் என்ன வேண்டும்?

இனி முதலாம் தொகுதிக்கு வரலாம். நீண்ட காலம் குடியரசுக் கட்சியிடம் இருந்த அத்தொகுதியில் 2018-ல் ஜனநாயகக் கட்சியின் ஜோ கன்னிங்ஹாம் 4,000-க்கும் குறைவான வாக்குகளில் வென்றார். 2020-ல் குடியரசுக் கட்சியின் நான்சி மேஸ் சுமார் 5,400 வாக்குகளில் அதை மீட்டார். இப்படி இழுபறியான தொகுதியை அப்படியே விட எந்த ஆளுங்கட்சிக்கும் மனம் வராது. 2020 கணக்கெடுப்பில் மக்கள் பெருகியிருந்த முதலாம் தொகுதியில் அளவுக்கு மேல் சுமார் 88,000 பேர் இருந்தார்கள். மக்கள் குறைந்திருந்த ஆறாம் தொகுதியில், அதாவது கிளைபர்னின் தொகுதியில், சுமார் 85,000 பேர் குறைவு. இரண்டும் அடுத்தடுத்த தொகுதிகள். ஒன்றிலிருந்து அந்த அளவு மக்களை மற்றதற்கு மாற்றினால் கணக்கு ஏறத்தாழ முடிந்துவிடும். 2022 ஜனவரியில் சட்டமான வரைபடம் அப்படிச் செய்யவில்லை. முதலாம் தொகுதியிலிருந்து சுமார் 1,40,000 பேரை வெளியே அனுப்பி, ஆறாம் தொகுதியிலிருந்து சுமார் 53,000 பேரை உள்ளே கொண்டுவந்தது. வெளியே போனவர்களில் சார்ல்ஸ்டன் கவுண்டியின் கறுப்பினத்தவர் ஏறத்தாழ 30,000 பேர். ஆறாம் தொகுதியிலிருந்து வந்த பகுதிகளைச் சேர்த்தபோது கறுப்பின மக்களின் பங்கு இயல்பாகவே கொஞ்சம் உயர்ந்திருக்க, அதைப் பழையபடி 17 விழுக்காட்டில் நிறுத்தவே இந்த வெளியேற்றம் நடந்தது என்பது வழக்குத் தொடுத்த கறுப்பினத்தவர் உரிமை அமைப்பான வண்ண மக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் குற்றச்சாட்டு.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. வரைபடத் தயாரிப்பின் தொடக்கத்தில் கிளைபர்னின் அலுவலகத்திலிருந்து வந்த ஒரு வரைவும் மேசைமேல் இருந்ததாக வழக்குப் பதிவுகள் சொல்கின்றன. பதவியில் இருப்பவருக்குத் தன் தொகுதி உறுதியாக இருப்பதே முதல் கவலை. அவர் எந்தக் கட்சியானாலும், எந்த இனமானாலும். குவித்தல் என்ற உத்திக்குக் குவிக்கப்படும் தொகுதியின் உறுப்பினர் பெரிதாக எதிர்ப்பு காட்டுவதில்லை என்பது 1990-களிலேயே தெரிந்த விஷயம்.

வாக்குரிமைச் சட்டத்தின் இரண்டாம் பிரிவு இங்கே ஏன் உதவவில்லை என்று கேட்கலாம். அந்தப் பிரிவு, சிறுபான்மைச் சமூகம் 50 விழுக்காட்டைத் தாண்டும் தொகுதியைத்தான் கட்டாயமாக்குகிறது என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 20 விழுக்காட்டை ஒட்டிய கறுப்பின வாக்காளரும், அவர்களோடு சேர்ந்து வாக்களிக்கும் வெள்ளையர் சிலரும் கூடி ஒருவரை வெல்ல வைக்கக்கூடிய தொகுதிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கன்னிங்ஹாம் வென்றது அப்படிப்பட்ட தொகுதியில்தான். என் பார்வையில், இனங்கள் கலந்து ஒரே வேட்பாளரைத் தேடும் தொகுதிகளே ஒரு குடியரசு விரும்ப வேண்டியவை. சட்டம் அவற்றையே பாதுகாப்பின்றி விட்டிருக்கிறது. எனவே வழக்கு, எல்லோருக்கும் சமமான சட்டப் பாதுகாப்பைத் தரும் அரசமைப்பின் பதினான்காம் திருத்தத்தை நம்பிச் சென்றது. அதற்கு விளைவைக் காட்டினால் போதாது. இனமே மேலோங்கிய காரணி என்று நோக்கத்தை நிரூபிக்க வேண்டும்.

மூன்று நீதிபதிகள் கொண்ட கூட்டாட்சி நீதிமன்றம் விசாரணை நடத்தி, சாட்சிகளைக் கேட்டு, 2023 ஜனவரியில் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது: வரைபடம் தயாரித்தவர்கள் 17 விழுக்காடு என்ற இன இலக்கை வைத்து வேலை செய்திருக்கிறார்கள், இனத் தரவைப் பார்க்கவில்லை என்ற அவர்களின் சாட்சியம் நம்பும்படி இல்லை. மாநிலம் மேல்முறையீடு செய்தது. 2023 அக்டோபரில் வாதம் முடிந்தும் உச்ச நீதிமன்றம் மாதக்கணக்கில் தீர்ப்புச் சொல்லாததால், சட்ட விரோதம் என்று தானே கண்ட வரைபடத்தை வைத்தே 2024 தேர்தலை நடத்த அந்தக் கீழ் நீதிமன்றம் மார்ச் மாதத்தில் அனுமதிக்க வேண்டியதாயிற்று. தாமதமும் ஒருவகைத் தீர்ப்புதான்.

மே மாதத்தில் பெரும்பான்மைக்காக எழுதிய நீதிபதி சாமுவேல் அலிட்டோவின் வாதம் இப்படிச் செல்கிறது. தென் கரோலினாவில் கறுப்பின வாக்காளரில் குறைந்தது 90 விழுக்காட்டினர் ஜனநாயகக் கட்சிக்கு வாக்களிக்கிறார்கள். எனவே அந்தக் கட்சியின் வாக்காளரை வெளியேற்றினாலே கறுப்பினத்தவர் பெருமளவில் வெளியேறிவிடுவார்கள்; எண்ணிக்கைகள் மட்டும் எதையும் நிரூபிக்காது. சட்டமன்றம் நல்லெண்ணத்துடன் செயல்பட்டது என்றே நீதிமன்றம் தொடங்க வேண்டும். இனத்தைப் பாராமல் அதே கட்சி ஆதாயத்தைத் தரக்கூடிய வேறொரு வரைபடத்தை வழக்குத் தொடுத்தவர்கள் வரைந்து காட்டவில்லை. வரைய முடியாது என்று ஒப்புக்கொண்டதாகவே அதை எடுத்துக்கொள்ளலாம். பிரேயர் 2001-ல் எழுதிய வரியின் வாரிசு இது. 2017-ல் இதே நீதிமன்றம், மாற்று வரைபடம் கட்டாயமில்லை, பல சான்றுகளில் அதுவும் ஒன்று என்று சொல்லியிருந்தது. 2024-க்குப் பிறகு, நேரடி வாக்குமூலம் கிடைத்தாலொழிய, அது இல்லாமல் வழக்கு நிற்பது அரிது. முதலாம் தொகுதியில் குடியரசுக் கட்சியின் எதிர்பார்க்கப்படும் வாக்குப் பங்கைப் புதிய எல்லை ஒன்றரை விழுக்காட்டுக்கும் குறைவாகவே உயர்த்தி 54 விழுக்காட்டுக்குச் சற்று மேல் நிறுத்தியிருந்தது. இவ்வளவு சிறிய ஆதாயத்துக்கு இவ்வளவு பேரை மாற்றியது ஏன் என்ற கேள்வி பெரும்பான்மையின் தீர்ப்பில் எங்கும் கனமாக விழவில்லை.

நீதிபதி எலினா கேகன் எழுதிய மாறுபட்ட தீர்ப்பு, உண்மைகளை நேரில் விசாரித்த கீழ் நீதிமன்றத்தின் முடிவுக்குத் தர வேண்டிய மதிப்பு மறுக்கப்பட்டதைத்தான் முதலில் சாடுகிறது. அதைவிடக் கூர்மையானது அவரது இரண்டாவது வாதம். கட்சி இலக்கை எட்டுவதற்கு இனத்தையே கருவியாக, குறுக்குவழியாகப் பயன்படுத்துவதும் இன அடிப்படையிலான பிரிப்புத்தான் என்பது நீதிமன்றம் முன்பே ஏற்றுக்கொண்ட கொள்கை. தென் கரோலினாவில் வாக்காளர் கட்சி வாரியாகப் பதிவு செய்துகொள்வதில்லை. ஒருவர் எந்தக் கட்சிக்காரர் என்று பட்டியலைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் அவர் எந்த இனம் என்பது வாக்காளர் பதிவிலேயே இருக்கிறது. ஒரு முறை ஒரு வேட்பாளருக்கு விழுந்த வாக்கைவிட, அடுத்தடுத்த தேர்தல்களில் எப்படி வாக்களிப்பார் என்பதை இனம் உறுதியாகச் சொல்லும் என்றால், வரைபவர் எதைப் பார்க்க ஆசைப்படுவார்? பிடிபடாமல் அதைச் செய்யும் வழியைப் பெரும்பான்மை மாநிலங்களுக்குக் காட்டிவிட்டது என்பதே கேகனின் கோபம்.

இதே நீதிமன்றம் ஓராண்டுக்கு முன் அலபாமா வழக்கில் எதிர்த்திசையில் நின்றதை இத்துடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அங்கே மக்களில் 27 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர். 7 தொகுதிகளில் ஒன்றில் மட்டுமே அவர்களால் வெல்ல முடிந்தது. வளமான கரிய மண்ணும் பருத்தித் தோட்டங்களின் அடிமை வரலாறும் கொண்ட நடுப்பகுதி பல தொகுதிகளுக்குப் பிரித்துத் தரப்பட்டிருந்தது. 2023 ஜூனில் 5-க்கு 4 என்ற கணக்கில், இரண்டாம் பிரிவின்படி இன்னொரு வாய்ப்புத் தொகுதி வேண்டும் என்று ராபர்ட்ஸே எழுதினார். சட்டமன்றம் அதற்குப் பிறகும் முரண்டு பிடித்ததால், நீதிமன்றம் நியமித்த நிபுணர் வரைந்த எல்லைகளில் 2024 தேர்தல் நடந்து ஷோமாரி ஃபிகர்ஸ் வென்றார். அலபாமாவிலிருந்து ஒரே நேரத்தில் இரண்டு கறுப்பினத்தவர் சபையில் அமர்ந்தது அதுவே முதல்முறை. விளைவைப் பார்க்கும் சட்டத்தின் கீழ் அலபாமா தோற்றது. நோக்கத்தைக் கேட்கும் அரசமைப்பின் கீழ் தென் கரோலினா வென்றது. அந்த இரண்டாம் பிரிவின்படி வரையப்படும் தொகுதிகளே அரசமைப்புக்குப் பொருந்துமா என்ற கேள்வியை உச்ச நீதிமன்றம் லூயிசியானா வழக்கில் எழுப்பி 2025 அக்டோபரில் மறுவாதம் கேட்டது, அலபாமா வெற்றி நின்ற தரையே உறுதியானதல்ல என்பதைக் காட்டியது.

சார்ல்ஸ்டனில் நேர்ந்த இழப்பைத் தோலின் நிறத்தை வைத்து மட்டும் எண்ணக்கூடாது. இதே முதலாம் தொகுதி 2010-ல் டிம் ஸ்காட் என்ற கறுப்பின வேட்பாளரைக் குடியரசுக் கட்சி சார்பில் சபைக்கு அனுப்பியது. அவர் 2013 முதல் செனட்டராக இருக்கிறார். கறுப்பினத்தவர் ஒருவர் வெல்வதும், கறுப்பின வாக்காளர் விரும்பியவர் வெல்வதும் வேறு வேறு. முதலாம் தொகுதியில் எஞ்சிய கறுப்பின வாக்காளரின் ஆதரவைத் தேட வேண்டிய அவசியம் அத்தொகுதி உறுப்பினருக்கு இப்போது குறைவு; இழுபறியாக இருந்த இடத்தில் 2022-ல் மேஸ் சுமார் 14 புள்ளிகள் முன்னிலையில் வென்றார். ஆறாம் தொகுதிக்கு மாற்றப்பட்டவர்களுக்குத் தாங்கள் விரும்பும் உறுப்பினர் கிடைத்தார். ஆனால் அவர்களின் வாக்கு அங்கே ஏற்கெனவே உறுதியான வெற்றியின் மேல் ஏறும் உபரி. சார்ல்ஸ்டனின் வெள்ளமும் கடல்மட்டமும் பற்றிப் பேச வேண்டியவர்கள், மாநிலத்தின் உள்ளே கொலம்பியா நகரம்வரை நீளும் ஒரு தொகுதியின் ஓரத்தில் இருக்கிறார்கள். பொதுத் தேர்தல் ஒப்புக்கு நடப்பதாகிவிடும்போது உண்மையான போட்டி கட்சிக்குள் நடக்கும் முதற்கட்டத் தேர்தலுக்கு நகர்ந்துவிடுகிறது. அங்கே எதிர்க்கட்சி வாக்காளரைச் சமாதானப்படுத்த எவரும் மெனக்கெடுவதில்லை.

இந்தத் தீர்ப்பின் நிழல் தென் கரோலினாவோடு நிற்கவில்லை. 2025-ல், கணக்கெடுப்புக்கு இன்னும் 5 ஆண்டுகள் இருக்கும்போதே, குடியரசுக் கட்சிக்கு மேலும் 5 இடங்கள் கிடைக்கும்படி டெக்சாஸ் தன் எல்லைகளை மாற்றியது. கறுப்பினத்தவரும் லத்தீன் வம்சாவளியினரும் சேர்ந்து பெரும்பான்மையாக இருக்கும் தொகுதிகளைக் குறிப்பிட்டு மத்திய அரசின் நீதி அமைச்சகம் அனுப்பிய கடிதம் ஒன்று அதற்கு முன் வந்திருந்தது. அதையே முக்கியச் சான்றாகக் கொண்டு, நவம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் 2-க்கு 1 என்ற கணக்கில் வரைபடத்துக்குத் தடை விதித்தது. தீர்ப்பை எழுதியவர் டிரம்ப் நியமித்த நீதிபதி. டிசம்பர் தொடக்கத்தில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்திவைத்தது. சொன்ன காரணங்கள் பழகியவை: சட்டமன்றத்தின் நல்லெண்ணத்தைக் கீழ் நீதிமன்றம் கருதவில்லை; வழக்குத் தொடுத்தவர்கள் மாற்று வரைபடம் தரவில்லை. டெக்சாசின் வரைபடத்துக்கும், பதிலடியாகக் கலிபோர்னியா வாக்காளர்கள் நவம்பரில் ஏற்றுக்கொண்ட வரைபடத்துக்கும் உந்துதல் முழுக்க முழுக்கக் கட்சி ஆதாயமே என்று அலிட்டோ தனியாக எழுதினார். அதைக் குறையாக அவர் எழுதவில்லை.

கூட்டாட்சி நீதிமன்றக் கதவு மூடினாலும் மாநில நீதிமன்றங்கள், மாநில அரசமைப்புகள், சுதந்திரமான ஆணையங்கள் இருக்கின்றன என்று ராபர்ட்ஸ் 2019-ல் சுட்டிக்காட்டியிருந்தார். மிச்சிகனில் வாக்காளர்கள் 2018-ல் கையெழுத்து திரட்டிப் பொது வாக்கெடுப்பு நடத்தி, தொகுதி வரையும் பொறுப்பைச் சட்டமன்றத்திடமிருந்து பறித்துக் குடிமக்கள் ஆணையத்திடம் தந்தது உண்மைதான். தென் கரோலினாவில் அந்தப் பாதை இல்லை. குடிமக்கள் தாங்களே கையெழுத்து திரட்டி மாநில அளவில் சட்டம் முன்மொழியும் உரிமை அங்கே கிடையாது. அலபாமா, ஜார்ஜியா, வட கரோலினா, டெக்சாசிலும் கிடையாது. ஆணையம் வேண்டுமென்றால் அதை அமைக்க வேண்டியது, அதனால் அதிகாரம் இழக்கப்போகும் அதே சட்டமன்றம். மாநில அரசமைப்பைக் காட்டி முதலாம் தொகுதியை மறுபடியும் வழக்காக்கியபோது, கட்சி ஆதாயத்துக்கான தொகுதி வரைவு தாங்கள் தீர்க்கக்கூடிய பிரச்சினை அல்ல என்று 2025-ல் தென் கரோலினாவின் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.